புகைக்காக உயர்ந்த கூரை: ஓர் ஆங்கிலேயக் கிராமத்து வீட்டைப் படிக்கும் விதம்

இங்கிலாந்தின் கிராமத்து வீடு என்றதும் பலருக்கு நினைவு வருவது பிஸ்கட் டப்பா மூடியில் அச்சடித்த படம்தான். வெள்ளைச் சுவர், அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள், சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த ஜன்னல், கூரையின் நடுவே பருத்த செங்கல் புகைபோக்கி. கென்ட், சசெக்ஸ் பக்கம் போனால் இன்றைக்கும் இந்தச் சாயலில் வீடுகள் நிற்கின்றன. ஆனால் 1400-ஐ ஒட்டிக் கட்டிய வீடு என்றால், வேலை முடிந்து குடிபுகுந்த நாளில் இதில் பாதி அங்கே இருந்திருக்காது. புகைபோக்கி கிடையாது. ஜன்னலில் கண்ணாடி கிடையாது. மரத்துக்குக் கறுப்புப் பூச்சும் இல்லை. மாடிகூட வீட்டின் இரண்டு கோடியில் மட்டும்தான். நடுவில் தரையிலிருந்து கூரை வரை வெற்றிடம்.

அந்த வெற்றிடம் புகைக்காக விடப்பட்டது. பழைய வீட்டின் உயரம், அறைகளின் வரிசை, முகப்பின் வடிவம், யார் எங்கே உட்காருவது என்பது வரை பெரும்பாலானவை புகை எப்படி வெளியேறும் என்ற கணக்கிலிருந்து வந்தவை. பின்னால் வீடு மாறியதும் புகை வேறு வழியில் போகத் தொடங்கியதால்தான்.

லண்டனுக்குத் தெற்கே, வடக்கு டவுன்ஸ், தெற்கு டவுன்ஸ் என்ற இரண்டு சுண்ணப்பாறைக் குன்றுத் தொடர்களுக்கு நடுவே கிடக்கும் நிலத்துக்கு வீல்ட் என்று பெயர். கென்ட், சசெக்ஸ், சர்ரே ஆகிய பகுதிகளில் பரவியிருக்கிறது. கனத்த களிமண், நிறைய காடு, காடெல்லாம் ஓக். இந்த வட்டாரத்தில் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரே மாதிரியான மரச்சட்ட வீடுகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. வீல்டன் வீடு என்று கட்டடக்கலை ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். பிரபுக்களின் மாளிகை இல்லை; யோமன் எனப்பட்ட, கையில் சொந்த நிலமும் கொஞ்சம் காசும் இருந்த விவசாயிகளின் வீடு.

அவர்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது? 1348-49-இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்களுக்கு நிலம் மலிவாகக் கிடைத்தது, கூலி ஏறியது. கென்ட்டில் அதற்கு முன்பே நிலத்தை விற்கவும் வாங்கவும் விவசாயிக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. இரண்டு மூன்று தலைமுறைக்குள் கெட்டிக்காரக் குடும்பங்கள் நிமிர்ந்துவிட்டன. நிமிர்ந்தவர்கள் முதலில் செய்தது வீடு கட்டியது. அறுநூறு வருடம் தாங்கும் அளவுக்குக் கட்டினார்கள் என்பதுதான் ஆச்சரியம். மற்ற நாடுகளில் அந்தக் காலத்து அரண்மனையும் கோயிலும் மிஞ்சியிருக்கும். சாதாரண விவசாயியின் வீடு, அதுவும் மர வீடு, இத்தனை எண்ணிக்கையில் மிஞ்சியிருப்பது அபூர்வம்.

உள்ளே போய்ப் பார்க்க நல்ல இடம் பேலீஃப் பண்ணை வீடு. கென்ட்டில் சிடிங்ஸ்டோன் என்ற ஊரருகே இருந்தது. 1960-களில் பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக அந்த நிலம் மூழ்கப் போகிறது என்றானதும், வீட்டைச் சட்டம் சட்டமாகக் கழற்றி மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் கிராமத்தில் இருக்கும் வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். ஒரு முழு வீட்டைக் கழற்றிக் கோக்க முடிந்ததே அதன் கட்டுமானத்தைப் பற்றிப் பாதி சொல்லிவிடுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட இடத்தை ஓர் அங்கணம் என்று வைத்துக்கொண்டால், பேலீஃப் நீளவாக்கில் நான்கு அங்கணம். நடு இரண்டும் சேர்ந்து கூடம். தரையிலிருந்து கைமரம் வரை தடுப்பே இல்லாத ஒரே அறை. தரையின் நடுவில் அடுப்பு, இல்லை, அடுப்பு என்பதைவிடக் கணப்பு என்பது பொருத்தம். சுற்றிலும் சுவரில்லாமல் திறந்த தரையில் எரியும் நெருப்பு. வீட்டின் ஒரு கோடியில் எதிரெதிராக இரண்டு வாசல், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முன்வாசலில் நுழைந்து நேரே நடந்தால் பின்வாசல் வழியே கொல்லைக்குப் போய்விடலாம். அந்த நடைவழியை ஒட்டி இரண்டு சின்ன உக்கிராண அறைகள்: ஒன்றில் ரொட்டியும் தானியமும், இன்னொன்றில் ஏல் என்ற மதுப் பீப்பாய்கள். இது வீட்டின் கீழ்க்கோடி.

எதிர்ப்பக்கம் மேல்கோடி. அங்கே சுவரை ஒட்டி நிலையான ஒரு நீள் இருக்கை, முன்னால் சாப்பாட்டு மேசை. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் உட்காரும் இடம். கூடத்தின் மிக உயரமான ஜன்னல் அந்த மேசைக்கு வெளிச்சம் விழும்படி வைக்கப்பட்டிருக்கும். வாசல் காற்று அங்கே அவ்வளவாக வராது. வேலையாட்களுக்கு நடைவழிப் பக்கம். அங்கே கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் அடிக்கும். ஒரே கூடம், ஒரே நெருப்பு, ஆனால் உள்ளே நுழைகிற அந்நியன் எந்தப் பக்கம் பார்த்துத் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பதில் குழப்பமே இருக்காது. மேசைக்குப் பின்னால் உள்ள கதவைத் திறந்தால் குடும்பத்தாரின் தனி அறை. அதற்கு மேல் மச்சில் படுக்கையறை. பேலீஃபில் அந்தப் படுக்கையறையோடு ஒட்டிச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் கழிப்பறையும் உண்டு; கழிவு நேரே கீழே விழும். அந்தக் காலத்து விவசாயிக்கு அது ஆடம்பரம்.

இந்த மேல்கோடி 1500-க்குப் பிறகு புதிதாகக் கட்டியது. கூடமும் கீழ்க்கோடியும் அதற்கு நூறு வருடம் மூத்தவை. நம் கண்ணுக்கு ஒரே வீடாகத் தெரிகிற இது உண்மையில் இரண்டு வெவ்வேறு காலத்துத் தச்சர்களின் வேலை. சமையலறை எங்கே என்று கேட்பீர்கள். பெரிய சமையல் பெரும்பாலும் தனிக் கட்டடத்தில் நடந்தது. தீப்பிடித்தால் வீடு தப்பட்டும் என்பதற்காக. அதே நீர்த்தேக்க நிலத்திலிருந்து காப்பாற்றிய விங்க்ஹர்ஸ்ட் என்ற சின்ன மரக் கட்டடத்தை முதலில் ஒரு சிறு வீடு என்றே அருங்காட்சியகத்தார் நினைத்தார்கள். பின்னால்தான் அது சமையலறை என்ற முடிவுக்கு வந்தார்கள். இப்போது அங்கே அந்தக் காலத்துச் சமையல் செய்து காட்டுகிறார்கள்.

இனி புகை. நடுத்தரையில் எரிகிற நெருப்பின் புகை சூடாக மேலே ஏறும், கூரைக்கடியில் ஆறித் தேங்கும், அப்புறம் ஓட்டின் இடுக்குகள் வழியாகவும் கூரை முகட்டின் இரு முனையில் விட்டிருக்கும் சின்ன முக்கோணத் திறப்புகள் வழியாகவும் மெல்லக் கசிந்து போகும். அந்தத் தேங்கிய புகைப்படலம் மனிதர் தலைக்கு மேலே நின்றால் உள்ளே வாழ முடியும், இறங்கினால் முடியாது. கூடத்துக்கு மேல் மச்சு போட முடியாததற்குக் காரணம் இதுதான். எதிரெதிர் வாசல்களும் சும்மா வைத்தவை இல்லை. காற்று அடிக்கும் திசை பார்த்து ஒன்றைச் சாத்தி ஒன்றைத் திறந்தால் புகையின் போக்கைக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம். ஜன்னலில் கண்ணாடி இல்லை. நிற்கும் மரக்கம்பிகள், உள்ளே பலகைக் கதவு. காற்றடிக்கும் பக்கத்துப் பலகைகளைச் சாத்தி எதிர்ப்பக்கம் திறந்துவிடுவார்கள். நன்றாக உலர்ந்த விறகு எரித்தால் புகையும் குறைவு. மேலே கட்டித் தொங்கவிட்ட பன்றித்தொடை அந்தப் புகையில் கெடாமல் பதமாகும். ஆக, புகை தொல்லைதான், ஆனால் வீட்டோடு ஒத்துப்போன தொல்லை.

வீட்டின் வெளித்தோற்றமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டு கோடியிலும் மாடி உண்டு. அந்த மாடி அறைகளைக் கீழ்ச்சுவரைத் தாண்டி ஓரடி ஒன்றரையடி தெருப்பக்கம் நீட்டிக் கட்டுவது அந்தக் காலத்து வழக்கம். நகரத்தில் இடப்பற்றாக்குறை என்று காரணம் சொல்லலாம். வயல்வெளிக்கு நடுவே இருக்கும் பண்ணை வீட்டுக்கு அந்த நீட்டல் எதற்கு? பகட்டுக்குத்தான் என்பது என் எண்ணம். சரி, கோடிகள் முன்னே நீட்டிக்கொண்டு நிற்க, நடுக்கூடத்துக்கு மாடியே இல்லாததால் அதன் சுவர் மட்டும் உள்ளே ஒதுங்கி நிற்கும். ஆனால் கூரை ஒன்றுதான். மூன்று பகுதியையும் ஒரே நேர்கோட்டில் மூட வேண்டும். அதனால் கூடத்துக்கு முன்னால் கூரையின் தாழ்வார விளிம்பைத் தாங்கும் உத்திரம் அந்தரத்தில் ஓடும். இரண்டு பக்கமிருந்தும் வளைந்த மரக் கைகள் எழுந்து அதைத் தாங்கும். வீல்டன் வீட்டைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது இந்த நடுப்பள்ளமும் வளைந்த கைகளும்தான். பார்க்க அலங்காரம் போல இருக்கும். நடு அறையில் மாடி இல்லை, அங்கே புகை இருக்கிறது என்பதற்கான வெளி அடையாளம் அது.

தச்சு வேலைக்கு வருவோம். மரம் உலரும் வரை காத்திருக்கவில்லை. பச்சை ஓக்கை வெட்டிய ஒன்றிரண்டு வருடத்துக்குள் பயன்படுத்திவிட்டார்கள். உலர்ந்த ஓக் இரும்பு மாதிரி; உளி இறங்காது. மரம் வெட்டிய ஆண்டை வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்தால் வீடு கட்டிய ஆண்டும் ஏறக்குறையத் தெரிந்துவிடுவது இதனால்தான். பெரிய பெரிய மரங்களை வீழ்த்திக் காட்டை அழித்தார்கள் என்று நினைப்பதும் சரியில்லை. காடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் சஃபோக்கில் ஒரு பழைய பண்ணை வீட்டின் மரங்களைக் கணக்கெடுத்தபோது முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஓக் மரங்கள் அதில் இருந்தன. பெரும்பாலானவை ஒல்லி மரங்கள். தூணுக்கு ஏற்ற பருமனில் மரத்தைத் தேர்ந்து வெட்டினார்கள், வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்த்தது.

சட்டகத்தை முதலில் தரையில் படுக்கவைத்துத் தச்சரின் பட்டறையிலேயே முழுதாகக் கோத்துப் பார்ப்பார்கள். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு, குறுக்கே மர ஆணி. இந்த ஆணி அடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாக்கில் போடும் ஓட்டையைத் துளைமரத்தின் ஓட்டைக்கு நேராகப் போடாமல் ஒரு நூல் அளவு தள்ளிப் போடுவார்கள். கூம்பாகச் செதுக்கிய ஆணியை அடிக்க அடிக்க, அது நாக்கை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கும். பிசினும் இல்லை, இரும்பும் இல்லை. பிறகு ஒவ்வொரு மூட்டிலும் இரு மரத்திலும் ஒரே எண்ணைக் கீறிவிட்டு எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றி மனைக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் கீறல்கள் ரோமன் எண்கள்தான், ஆனால் பள்ளியில் கற்ற மாதிரி இருக்காது. நாலுக்கு நாலு கோடு. ஒன்பதுக்கு ஐந்தின் குறியோடு நாலு கோடு. மரத்தைத் தலைகீழாகப் பார்த்தாலும் நாலும் ஆறும் குழம்பக் கூடாதே. இன்றைக்கும் பழைய வீட்டுத் தூண்களில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இந்தக் கோடுகள் தெரியும். பேலீஃபைக் கழற்றிக் கோத்தவர்கள் செய்ததும் புதிதாக ஒன்றுமில்லை. கட்டும்போதே ஒரு தடவை கழற்றிக் கோத்த வீடுதான் அது.

பச்சை மரம் உலரும்போது சுருங்கும், முறுக்கும். மூட்டுகள் இன்னும் இறுகும், தளம் சாயும், கதவுச்சட்டம் கோணும். பழைய வீடுகளின் கோணல்மாணல் பெரும்பாலும் முதல் சில பத்தாண்டுகளில் வந்தது. அதற்குப் பிறகு வீடு அப்படியே கெட்டித்துப் போய்விட்டது. இப்போது விழப்போகிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடலாம். எந்த ஊருக்குப் போனாலும், "இந்த உத்திரமெல்லாம் பழைய கப்பலில் இருந்து எடுத்தது" என்று ஒருவர் சொல்லுவார். உத்திரத்தில் காலியாகக் கிடக்கும் துளைகளைச் சாட்சியாகக் காட்டுவார். கடலிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்துக்குக் கப்பலை இழுத்துவர அந்தக் காலத்துச் சாலையில் முடியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. காலித் துளைகள் வேறு வீட்டிலிருந்தோ அதே வீட்டின் வேறு இடத்திலிருந்தோ மறுபடி எடுத்தாண்ட மரம் என்பதைத்தான் காட்டும். நல்ல ஓக்கை யாரும் தூக்கி எறிவதில்லை. துறைமுக ஊர்களில் எங்காவது உண்மையாக இருக்கலாம்; பெரும்பாலான இடங்களில் வெறும் கதை.

கூரை தனி அழகு. கூடத்தின் குறுக்கே கனத்த விட்டம், அதன் நடுவில் ஒற்றைக் குட்டைத் தூண், அந்தத் தூணின் தலையில் நாலு பக்கமும் கிளைபோல் பிரியும் வளைந்த தாங்குகள். அவை மேலே நீளவாக்கில் ஓடும் ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, கைமரங்கள் சோடி சோடியாக அதன்மேல் இணையும். முகட்டில் உத்திரமே கிடையாது. நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் அந்த நடுத்தூணுக்குச் சிற்ப வேலை செய்து காசு காட்டினார்கள். புகையில் அது எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

சுவர் விஷயம் சுருக்கமானது. மரச்சட்டங்களுக்கு நடுவே ஓக் குச்சிகளை நட்டு, ஹேசல் என்ற புதர்மரத்தின் விளாறுகளை அவற்றினூடே பின்னி, களிமண்ணும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் பிசைந்து இரு பக்கமும் அப்புவார்கள். நம்மூரில் வரிச்சு பிடித்து மண் அப்புகிறோமே, அதே வேலைதான். மேலே சுண்ணாம்புப் பூச்சு. வீட்டைத் தாங்குவது சட்டகம் மட்டுமே. சுவர் வெறும் அடைப்பு. அதனால் சுவரைப் பிய்த்துவிட்டு ஜன்னல் வைப்பதும், கதவை இடம் மாற்றுவதும், நடுவில் மாடியைச் செருகுவதும் பிற்காலத்தில் எளிதாயிற்று.

மாடியைச் செருகும் காலம் 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. எசெக்ஸில் ராட்விண்டர் என்ற ஊரின் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577-இல் வெளியான தன் இங்கிலாந்து வர்ணனையில் ஒரு செய்தி சொல்கிறார். ஊர்ப் பெரியவர்களிடம் உங்கள் காலத்தில் பெரிதாக மாறியது என்ன என்று கேட்டால் மூன்றைச் சொல்வார்களாம்: எங்கு பார்த்தாலும் முளைத்துவிட்ட புகைபோக்கிகள், வைக்கோல் படுக்கையும் மரக்கட்டைத் தலையணையும் போய் வந்த மெத்தைகள், மரத்தட்டு போய் வந்த ஈயக் கலப்புத் தட்டுகள். அவர்கள் சிறுவயதில் ஊருக்கு இரண்டு மூன்று புகைபோக்கி இருந்தால் அதிகம். ஹாரிசனுக்கு இந்த முன்னேற்றத்தில் அவ்வளவு சம்மதம் இல்லை. புகை இருந்த காலத்தில் வீட்டு மரம் கெட்டித்தது, வீட்டாருக்குச் சளித் தொல்லை இல்லை, இப்போது எல்லோரும் தலைவலி, ஜலதோஷம் என்கிறார்கள் என்று புலம்புகிறார். அந்தக் காலம் மாதிரி வருமா என்பது எல்லாக் காலத்திலும் உள்ள பேச்சுதான்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. சில வீடுகளில் முதலில் கூடத்தின் ஒரு குறுகிய அங்கணத்தை மட்டும் தடுத்து நெருப்பை அங்கே ஒதுக்கினார்கள். மற்ற இடத்தில் மச்சு போட முடிந்தது. சிலர் மரச்சட்டத்தில் மண்ணும் சுண்ணாம்பும் பூசிக் கூண்டு கட்டிப் புகையை மேலே அனுப்பினார்கள். தீப்பிடிக்கும் ஆபத்து சொல்ல வேண்டியதில்லை. செங்கல் மலிவானதும் முழுப் புகைபோக்கி வந்தது. பெரும்பாலும் அதைக் கொண்டுபோய்ப் பழைய நடைவழியை ஒட்டியோ அதன் மேலேயோ நிறுத்தினார்கள். புகைக்குத் தனி வழி கிடைத்ததும் கூடத்தின் உயரத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. குறுக்கே ஒரு பெரிய உத்திரம் போட்டு மாடித்தளம் அமைத்தார்கள். ஒரே உயர ஜன்னல் மேலொன்று கீழொன்றாக இரண்டானது. புகைபோக்கிப் பக்கத்தில் மாடிப்படி.

வீட்டில் மனிதர்கள் பழகிய விதமும் இதோடு மாறியது. எஜமானும் வேலைக்காரனும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த கூடம் போய், ஆளுக்கொரு அறை, அறைக்கொரு நெருப்பு என்றானது. 1600-க்கு அப்புறம் புதிதாகக் கட்டிய வீடுகளில் புகைபோக்கியே வீட்டின் நடுத்தண்டு. முன்கதவைத் திறந்தால் எதிரே அதன் பக்கச்சுவர், இடப்புறம் ஒரு அறை, வலப்புறம் ஒரு அறை. வருபவர் நேரே கூடத்துக்குள் நுழைவது நின்றுபோனது. வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1953-இல் இந்த மாற்றத்துக்குப் 'பெரும் மறுகட்டுமானம்' என்று பெயர் வைத்து, 1570 முதல் 1640 வரை என்று காலமும் குறித்தார். வட்டாரத்துக்கு வட்டாரம் காலம் முன்பின்னாக இருந்தது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

புகைபோக்கி வசதியின் அடையாளமானால் அரசாங்கம் சும்மா இருக்குமா? 1662-இல் அடுப்பு வரி வந்தது. ஒரு நெருப்பிடத்துக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங், இரண்டு தவணையில். பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. அதிகாரி வீட்டுக்குள் புகுந்து அறை அறையாக எண்ணுவதை மக்கள் வெறுத்தார்கள். 1689-இல் வில்லியமும் மேரியும் பட்டமேறியதும் அதை ஒழித்தார்கள். வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நின்றே எண்ணக்கூடியது எது? ஜன்னல். 1696-இல் ஜன்னல் வரி வந்து 1851 வரை இருந்தது. அடைத்த ஜன்னலைப் பார்த்தாலே "வரிக்குப் பயந்து மூடியது" என்பார்கள். உண்மையில் பல, முகப்பு இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்று கட்டும்போதே வைத்த பொய் ஜன்னல்கள். அடுப்பு வரிப் பட்டியல்கள் மட்டும் இன்று ஆராய்ச்சியாளர்களுக்குப் பொக்கிஷம்: எந்த ஊரில் யார் வீட்டில் எத்தனை நெருப்பு என்று பேரோடு இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் மரச்சட்டம் தெரிவது நாட்டுப்புறத்தனமாகிவிட்டது. ஓடுகளைச் சுவரில் தொங்கவிட்டார்கள், பலகை அடித்தார்கள், செங்கல் முகப்பு எழுப்பினார்கள். சசெக்ஸ், கென்ட் பக்கம் தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல் போலவே தெரியும் ஒருவகைச் சுவர் ஓடுகூட உண்டு. இன்றைக்கு ஒழுங்கான செங்கல் வீடாகத் தெரிகிற பலவற்றின் முதுகில் 15-ஆம் நூற்றாண்டு ஓக் ஒளிந்திருக்கிறது. பின்பு விக்டோரியா காலத்தில் ரசனை திரும்பியது. மூடியதையெல்லாம் உரித்தார்கள், உரித்ததோடு நில்லாமல் கறுப்பு அடித்தார்கள். மேற்கே செஷையர், ஷ்ரோப்ஷையர் பகுதிகளில் கறுப்பு-வெள்ளை ஒரு பெரிய மரபாகவே பெயர் பெற்றுவிட்டது. அங்கும் தார்க்கறுப்பு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் கைவரிசை. பூசாமல் விட்ட ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும். தென்கிழக்கில் பழைய வீடுகளை இப்போது அப்படியே விடுகிறார்கள்.

இந்த வீடுகள் தப்பிப் பிழைத்ததில் ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டுக்குத் தனி இடம் உண்டு. கிழக்கு சசெக்ஸில் கக்மியர் ஆற்றங்கரைக் கிராமம். தேவாலயத்தை ஒட்டி 14-ஆம் நூற்றாண்டு வீல்டன் வீடு, வைக்கோல் கூரையோடு. பாதிரியார் வீடு என்று பெயர், கட்டுமானத்தில் சாதாரண விவசாயி வீடுதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடிந்து விழும் நிலை. ஊர்ப் பாதிரியார் உதவி கேட்டு அலைந்தார். 1895-இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி மூவரும் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு அடுத்த வருடமே அதைப் பத்து பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அது. பழுதுபார்க்க ஆன செலவு விலையைப் போலப் பல மடங்கு. கூடத்தின் தரை ஓடோ கல்லோ இல்லை. சுண்ணப்பாறைக் கல்லை இடித்து இறுக்கி, புளித்த பாலை ஊற்றி மெழுகியது.

அங்கே வேலை செய்த ஆல்ஃப்ரெட் பவல், எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வழியில் வந்தவர். அந்தச் சங்கத்தின் கொள்கை எளிமையானது: பழுது பார், பழைய நிலைக்குத் திருப்பாதே. தூணின் அடி உளுத்தால் அந்த அடியை மட்டும் வெட்டிப் புது ஓக்கைக் கோர், தூணையே மாற்றாதே. புதியது புதியதாகத் தெரிந்தால் குற்றமில்லை. சிமெண்டைக் கிட்டே சேர்க்காதே. இந்தக் கடைசி விஷயத்தை 20-ஆம் நூற்றாண்டில் மறந்ததற்குப் பல வீடுகள் விலை கொடுத்தன. சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் பூச்சில் விரிசல் வழியே நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் மரத்தோடு தங்கிவிடும். ஐந்நூறு வருடம் நின்ற அடிச்சட்டம் முப்பது நாற்பது வருடத்தில் மக்கித் தூளாக உதிர்ந்தது.

மாரிஸின் கொள்கைக்கு நேரெதிர் ஒன்றும் நடந்தது. கிழக்கு சசெக்ஸில் நார்தியம் ஊரில் கிரேட் டிக்ஸ்டர் என்ற 15-ஆம் நூற்றாண்டு வீட்டை 1910-இல் நத்தானியேல் லாயிட் வாங்கினார். கட்டடக்கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் அதன் கூடத்தில் பிற்காலத்தில் செருகிய மாடிகளையெல்லாம் பிரித்தெடுத்து, மறுபடி கூரை வரை திறந்துவிட்டார். அது போதாமல் கென்ட்டின் பெனன்டனில் நின்ற இன்னொரு பழைய மரவீட்டைக் கழற்றி வந்து பின்னால் ஒட்டவைத்தார். அடுத்து அவர் புது தில்லியைத் திட்டமிடப் போய்விட்டார் என்பது நமக்குத் தெரிந்த கதை. பேலீஃபிலும் இதே கேள்வி எழுந்தது. நீர்த்தேக்கத்துக்காகக் கழற்றும்போது அதில் புகைபோக்கியும் மாடியும் இருந்தன. மறுபடி நிறுத்தியபோது அவற்றை விட்டுவிட்டு, திறந்த கூடமாகவே கட்டினார்கள். 1540 வாக்கில் எப்படி இருந்திருக்குமோ அப்படித் தட்டுமுட்டுச் சாமான்களும் வைத்தார்கள். நெருப்பு மூட்டிப் புகை ஏறுவதைக் காட்ட வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக, நானூறு வருடம் அங்கே வாழ்ந்தவர்கள் செய்த மாற்றங்கள் முழுவதும் போயின. அருங்காட்சியகத்துக்கு ஒன்றிரண்டு அப்படி இருக்கட்டும். ஊரில் மனிதர்கள் குடியிருக்கும் வீட்டில், கூடத்தை மறித்து நிற்கும் அந்த அசிங்கமான செங்கல் தூணும் வீட்டின் வரலாறுதான். அதைப் பிடுங்க எனக்கு மனம் வராது.

இப்போது சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. 1947-இன் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு பழங்கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்துப் பட்டியலில் ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள்; அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பட்டியலின் கடைசித் தரமான இரண்டாம் தரம், பெரும்பாலும் இம்மாதிரி வீடுகளும் கடைகளும் பண்ணைக் கட்டடங்களும். பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், உள்ளே ஒரு தடுப்பை எடுப்பதற்குக்கூட, முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்வது குற்றம்.

செங்கல் முகப்பு போட்ட ஒரு வீடு உண்மையில் திறந்த கூடம் கொண்ட பழைய வீடா என்று தெரிந்துகொள்ள நிபுணர்கள் முதலில் ஏறுவது பரணுக்குத்தான். டார்ச்சைக் கைமரங்களில் அடித்துப் பார்ப்பார்கள். இரண்டு கோடியிலும் மரம் வெளிறிச் சுத்தமாக, நடுவில் மட்டும் கரி அப்பிக் கறுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கீழே எத்தனை தடுப்பும் தளமும் இருந்தாலும், ஒரு காலத்தில் அதற்கடியில் திறந்த நெருப்பு எரிந்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்து மணலடித்து மரத்தைத் 'துலக்கி'விட்டவர்கள் வீட்டின் பிறப்புச் சான்றிதழையே அழித்திருக்கிறார்கள். டெவன் பக்கம் இந்தக் கரி இன்னும் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. அங்கே கூரை வேய்பவர்கள் பழைய வைக்கோலை முழுக்கப் பிரிக்காமல், கெட்டுப்போன மேலடுக்கை மட்டும் சீவிவிட்டு அதன்மேலேயே புதிதாக வேய்வார்கள். அதனால் சில வீடுகளில் இடைக்காலத்தில் வேய்ந்த அடியடுக்கு, புகைக்கரி ஏறி, பூச்சியும் அரிக்காமல் அப்படியே கிடக்கிறது. அதில் கோதுமையும் ரை என்ற தானியத்தின் கதிர்களும் வயலில் கூடவே முளைத்த களைகளும் இருக்கின்றன. இன்று எந்த வயலிலும் விதைக்காத பழைய ரகங்களைத் தாவரவியலாளர்கள் அந்தக் கூரைகளிலிருந்துதான் அடையாளம் கண்டார்கள்.